பழைய லெப்டொப்புக்குப் புது உயிர்: ஆனால் முதலில் பிரதி!



என் அக்கா மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கொழுந்தெடுத்த காசில் சீட்டுக் கட்டி அக்கா வாங்கிக் கொடுத்த பாவித்த லெப்டொப் ஒன்று அவளிடம் உண்டு. அது மெதுவாகிப் போனதால் ஒரு கடையில் கொடுத்தாள். மறுநாள் நன்றாக வேலை செய்தது. ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து போயிருந்தது. பாடக் குறிப்புகளைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். தாத்தாவின் ஒரே படமும் அதில்தான் இருந்தது. "எடுத்து வைக்க ஏதாவது இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் மாமா" என்று போனில் அழுதாள். கடைக்காரரும் கேட்கவில்லை, இவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வேலையை அவளே கற்றுக்கொண்டாள். அவள் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்போது இது தேவை?

லெப்டொப்பை இயக்கும் அடிப்படை நிரலை இயங்குதளம் என்பார்கள். நம்ம பிள்ளைகள் பலரிடம் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டன. பழைய லெப்டொப்புகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம். 4 ஜீ.பி. நினைவகம் உள்ள பழைய இயந்திரத்திலும் ஓடும்.

ஐ.எஸ்.ஓ. என்றால் என்ன?

முன்பு இயங்குதளம் சீடித் தட்டில் வரும். அந்தத் தட்டில் உள்ள அனைத்தையும் அதே ஒழுங்கில் ஒரே கோப்பாக ஆக்கியதே ஐ.எஸ்.ஓ. கோப்பு. இதைப் பென்டிரைவில் சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் லெப்டொப் அதிலிருந்து தொடங்காது. அதற்கென உள்ள நிரலால் எழுத வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் பிரதி எடுங்கள். படங்கள், பாடங்கள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் போடுங்கள். அதை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.

2. லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ.வை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜீ.பி. வரும். போன் டேட்டாவில் இறக்கினால் கார்ட் காசு கரைந்துவிடும். வைஃபை உள்ள இடத்தில் இறக்குவது நல்லது.

3. 8 ஜீ.பி. பென்டிரைவ் போதும். ரூஃபஸ் என்ற இலவச நிரலைத் திறந்து, பென்டிரைவையும் ஐ.எஸ்.ஓ.வையும் தெரிவு செய்து தொடங்குங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பது முழுதும் அழியும். ஆகவே பிரதி எடுத்து வைத்த பென்டிரைவை இதற்குப் பாவிக்கவே கூடாது!

4. லெப்டொப்பை நிறுத்தி, பென்டிரைவைச் செருகுங்கள். போடும்போதே டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி. என்றால் எஃப் 9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் யூ.எஸ்.பி.யைத் தெரிவு செய்யுங்கள்.

5. இப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும். லெப்டொப்பில் இன்னும் எதுவும் மாறவில்லை. வைஃபை, சத்தம், விசைப்பலகை சரியா என்று ஆறுதலாகப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

6. பிடித்திருந்தால் நிறுவும் படத்தை அழுத்துங்கள். "டிஸ்க்கை முழுதாக அழி" என்ற தெரிவு வரும். இங்குதான் கையை ஒரு நிமிடம் எடுங்கள். பிரதி இருக்கிறதா? இருந்தால் மட்டும் தொடருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ள, இரண்டையும் அருகருகே நிறுவும் தெரிவும் உண்டு. அதற்கும் பிரதி வேண்டும். பெட்டரியை நிரப்பி, சார்ஜரையும் செருகியே செய்யுங்கள். தோட்டத்தில் கரண்ட் எப்போது போகுமென்று யாருக்குத் தெரியும்?

கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். தமிழ் தட்டச்சும் சேர்க்கலாம். ஆனால் விண்டோஸுக்கென்றே செய்த சில நிரல்கள் இதில் ஓடா. பிள்ளையின் பாடத்துக்கு அப்படி ஏதும் தேவையா என்று ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள்.

யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

ஒரே பிரதியை நம்பி இருப்பதன் வலி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கட்டிடத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஏடுகள் திரும்பி வரவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம், ஈழத்து நூல்களைப் படம் பிடித்து இணையத்தில் சேர்த்து வருகிறது. மலையக நூல்களும் அதில் உண்டு.

அக்கா மகளின் லெப்டொப் இப்போது நன்றாக ஓடுகிறது. தாத்தாவின் படம் மட்டும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை லெப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் நீங்களாவது கேளுங்கள்: "பிரதி எடுத்தாச்சா?"