இம்சாதானமும் இரு நகரங்களும்

இல்லறத்தார்க்குரிய மூன்று குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றித் தீவினையைச் சேர்க்கும் செயல்களை விலக்குதல் என்பது இதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அச்செயல்களை ஐந்தாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக இம்சாதானத்தைக் கூறியுள்ளார். கோடரி, வாள், தீ, நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலே இம்சாதானம் ஆகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கொலைக்கு வித்து சினம் முதலிய கஷாயங்களே என்பது நம் கொள்கை. வித்து உள்ளத்தில் இருக்க, கருவியை வழங்குவதில் குற்றம் என்ன?

இவ்வையத்தைத் தெளிவிக்க உதவும் ஆய்வொன்று 1988ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சியாட்டிலும், அதன் அண்டை நாடாகிய கனடாவின் வான்கூவரும் ஒரே கடற்கரைப் பகுதியில் அமைந்த துறைமுக நகரங்கள். தட்பவெப்பம், வருவாய், வாழ்க்கை முறை ஆகியவற்றில் பெரிதும் ஒத்தவை. ஆனால், துப்பாக்கிச் சட்டத்தில் வேறுபட்டவை. சியாட்டிலில் தற்காப்பிற்கெனக் கைத்துப்பாக்கி வாங்கலாம். வான்கூவரில் தற்காப்பு என்பது அதற்குத் தக்க காரணமாக ஏற்கப்படவில்லை.

நகரங்களை ஒப்பிடுங்கால் கொலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தல் பொருந்தாது. மக்கள்தொகை மிக்க ஊரில் எண்ணிக்கையும் மிகும். எனவே, இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு எத்தனை என்று கணக்கிடுதல் வேண்டும். 1980 முதல் 1986 வரையிலான ஏழு ஆண்டுகளில் சியாட்டிலில் 388 கொலைகளும் வான்கூவரில் 204 கொலைகளும் நிகழ்ந்தன. இலட்சம் பேருக்கு ஆண்டுதோறும் முறையே 11.3, 6.9 என்பது விகிதம்.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? கத்தி முதலிய பிற வழிகளால் நிகழ்ந்த கொலைகளின் விகிதத்தில் இரு நகரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கைத்துப்பாக்கியால் கொல்லப்படும் வாய்ப்போ சியாட்டிலில் 4.8 மடங்கு மிகுந்திருந்தது. மிகையான கொலைகள் ஏறத்தாழ முழுவதும் இதனால் விளைந்தவையே.

இரு நகர மக்களின் இனக்கூறு ஒன்றன்று என்றும், வறுமை முதலிய காரணங்களும் இவ்வேறுபாட்டில் கலந்திருக்கலாம் என்றும் சிலர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று; ஓர் ஆய்வே முடிந்த முடிபு ஆகாது. எனினும், அது காட்டும் திசை நம் ஐயத்திற்கு விடையாகிறது. சினம் இரு நகரங்களிலும் உண்டு. வெறுங்கையனின் சினம் பெரும்பாலும் காயத்தோடு நிற்கும். ஆறியபின் வருந்தவும் பொறுத்தலை வேண்டவும் இடம் உண்டு. துப்பாக்கி ஏந்தியவனின் சினத்திற்கு அந்த இடைவெளி இல்லை. உள்ளம் திருந்துவதற்குள் உயிர் போய்விடுகிறது. கஷாயம் காரணமாயினும், அதனைக் கொலையாக முடிக்கும் நிமித்தம் கருவியே. ஆகவேதான், உள்ளத்தை அடக்கக் கற்பித்த ஆசாரியார் கருவி வழங்குதலையும் உடன் விலக்கினார்.

கனடா அரசு 2022 அக்டோபர் முதல், தனிமனிதர் கைத்துப்பாக்கியை வாங்குவதையும் விற்பதையும் பிறர்க்கு மாற்றிக் கொடுப்பதையும், சில விலக்குகள் நீங்கலாக, நிறுத்தியுள்ளது. நாடு சட்டத்தால் செய்வதைச் சிராவகர் விரதத்தால் செய்கின்றனர்.

நம் இல்லங்களில் துப்பாக்கி இல்லை. ஆயினும், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு உண்டு. அதனைக் கூடத்து மூலையில் வைத்திருத்தல் தகுமா? மனம் உடைந்த ஒருவர் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தலும், கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடாமையும் இவ்விரதத்தின் பாற்பட்டனவே.