தேடல் வரிசையும் கைத்தறி விற்பனையும்

மத்தியப் பிரதேசத்தின் அசோக்நகர் மாவட்டத்திலுள்ள சந்தேரி, பட்டும் பருத்தியும் கலந்த மெல்லிய புடவைகளுக்குப் பெயர்பெற்ற பழைய நெசவூராகும். அதன் துணிக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இத்தகைய ஊர்களில் நெய்யப்படும் புடவை நெடுங்காலமாக வணிகர் பலரின் கைமாறியே நகரத்துக் கடையை அடைந்து வந்தது. இணையத்தின் வழியே நேரடியாக விற்கும் வாய்ப்புத் தோன்றியபோது, நெய்பவருக்கும் உடுத்துபவருக்கும் இடையிலுள்ள தொலைவு குறையும் என்ற நம்பிக்கை எழுந்தது இயல்பே. 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர். ஆகவே இது ஓர் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று.

இணையதளம் அமைக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் சுய உதவிக் குழுக்களும் விரைவிலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றன. தேடுபொறியில் முதலிடம் பெறுவது எவ்வாறு என்பதே அக்கேள்வி. அதனைப் பெற்றுத் தருவதாகக் கூறி மாதக் கட்டணம் கேட்போர் பலர். திட்ட அறிக்கைகளிலும் 'முதற்பக்கத்தில் இடம்' என்பது சாதனையாகக் குறிக்கப்படுவதுண்டு. ஆனால் அது நெசவாளரின் வருமானத்தை அளக்கும் கோல் ஆகுமா என்பது ஆராயத்தக்கது.

வரிசையின் தன்மை

1998-இல் தொடங்கப்பட்ட கூகுள் நிறுவனம், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் அளிக்கும் இணைப்புகளை ஒருவகை வாக்காகக் கருதி அப்பக்கத்தின் மதிப்பைக் கணித்தது. இதனையறிந்தோர் இணைப்புகளை விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர். 2012 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் கணிப்பு முறையை மாற்றியபோது, இவ்வாறு செயற்கையாக உயர்ந்த தளங்கள் பல கீழிறங்கின. இத்தகைய மாற்றங்கள் தொடர்ந்து நிகழ்கின்றன. மேலும், தேடுபவரின் ஊர், கருவி, முந்தைய தேடல்கள் ஆகியவற்றுக்கு ஏற்ப வரிசையும் வேறுபடும். மேலிடங்களைப் பெரும்பாலும் கட்டண விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. 2024 முதல் இந்தியாவில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடையும் பல தேடல்களில் இணைப்புகளுக்கு மேலே இடம்பெறுகிறது. எனவே முதலிடம் என்பது சங்கத்தின் சொத்தன்று. உடைமையாளர் விரும்பும் நாளில் திரும்பப் பெறக்கூடிய குத்தகை நிலம் போன்றது அது.

யாரும் தேடாத ஒரு சொற்றொடருக்கு முதலிடம் பெற்று அறிக்கை அளிப்பதும் கடினமன்று. அலுவலர்கள் இதனைக் கவனத்தில் கொள்ளுதல் நலம்.

ஒரு கணக்கு

ஒரு நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்க. இங்குத் தரப்படும் எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஒரு புடவையின் விலை ரூ. 5,000. நூல், கூலி, அஞ்சல் செலவு ஆகியவை போக எஞ்சுவது ரூ. 1,000. 'புடவை' என்னும் பொதுச்சொல்லுக்கு முதற்பக்கத்தில் இடம் பெற மாதம் ரூ. 30,000 செலவிடப்படுகிறது, 10,000 பேர் வருகின்றனர். அவர்களுள் பலர் விலை மலிந்த விசைத்தறித் துணியை நாடுவோர். சிலர் படம் பார்க்க வந்தோர். ஆயிரத்துக்கு ஒருவர் வாங்கினால் விற்பனை 10 புடவைகள். எஞ்சிய ரூ. 10,000-த்தைக் கொண்டு ரூ. 30,000 செலவை ஈடுசெய்ய இயலாது, இழப்பு ரூ. 20,000.

அதே சங்கம், 'கையால் நெய்த சந்தேரிப் பட்டு-பருத்திப் புடவை விலை' என்று தேடுவோரை மட்டும் கருதி ரூ. 6,000 செலவிடுகிறது எனக் கொள்க. வருவோர் 500 பேரே. ஆனால் வாங்கும் எண்ணத்துடன் வருவோர். நூற்றுக்கு மூவர் வாங்கினால் 15 புடவைகள். அவற்றுள் 2 திரும்பி வந்து, போகவரச் செலவு தலா ரூ. 300 எனில், 13 புடவைகளின் ரூ. 13,000-த்தில் இவையனைத்தும் போக ரூ. 6,400 மிஞ்சும். வரிசை அறிக்கையோ முதல் முறையையே வெற்றியாகக் காட்டும்!

கைத்தறிக்கு மற்றொரு வரம்பும் உண்டு. வேலைப்பாட்டுக்கு ஏற்ப ஒரு புடவைக்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். தறிகளின் எண்ணிக்கை வருகையாளரின் எண்ணிக்கையோடு உயர்வதில்லை. பல்லாயிரவரை வரவழைத்து 'இருப்பு இல்லை' என்ற அறிவிப்பைக் காட்டுவதால் பயன் யாது? மாதம் 40 புடவை நெய்யும் சங்கத்துக்கு வேண்டியவர் 40 வாங்குபவர்கள். அவர்களுள் மீண்டும் வருவோர் சிலர்.

இதனால் தேடலில் இடம்பெறுவதே தேவையற்றது எனக் கருதிவிடலாகாது. கண்ணில் படாத பொருள் விற்பதில்லை. சந்தேரியின் பெயராலேயே விசைத்தறிப் போலிகள் விற்கப்படும் நிலையில், உண்மையான உற்பத்தியாளர் தம் சிறப்புப் பெயருக்கான தேடலில் தென்படுதல் இன்றியமையாதது. அதற்கு அப்பால், வந்தவர் வாங்கத் தயங்குவது ஏன் என்பதை அறிவதே பெரும்பணி.

தயக்கத்தின் காரணங்கள்

புடவையைத் தொட்டுப் பார்க்க இயலாதவர் படத்தையும் சொல்லையுமே நம்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், முந்தானையின் தனிப்படம், நீளம், இரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்ற குறிப்பு, பட்டும் பருத்தியும் எந்த இழைகளில் உள்ளன என்ற விவரம், துவைக்கும் முறை, 2006-இல் அறிமுகமான கைத்தறி முத்திரை ஆகிய இவை தரப்படாத பக்கங்கள் ஏராளம். விளக்கின் மஞ்சள் ஒளியில் எடுத்த படத்தை நம்பி வாங்கியவர், வேறு நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்புவதில் வியப்பில்லை. பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில், பெற மறுக்கப்படும் பொதிகளின் சுமையும் சேர்கிறது. திரும்பி வரும் வரை அப்புடவையில் முடங்குவது நூலுக்கான முதலாகும். சிறிய சங்கத்தில் அதன் விளைவு அடுத்த வாரக் கூலியில் தெரியும்.

பெரிய இணையச் சந்தைகளில் வரிசைக்கும் விற்பனைக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. விற்பனை, வாங்கியோர் கருத்து, திரும்பல் விகிதம் போன்றவை அங்கு ஒரு பொருளின் இடத்தைப் பாதிக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், வரிசையைத் தீர்மானிக்கும் முதன்மைக் கூறுகளைச் சந்தை நிறுவனங்கள் விளக்க வேண்டும் எனக் கூறுகின்றன. அவ்விளக்கத்தைப் படித்துப் பார்க்கும் சங்கச் செயலர்கள் அரியர். 2023 அக்டோபர் முதல், வரி வரம்புக்குக் கீழுள்ள சிறு விற்பனையாளர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு எண் இன்றியே தம் மாநிலத்துக்குள் இச்சந்தைகளில் பொருள் விற்க இயலும். வாங்குபவர் செயலியையும் விற்பவர் செயலியையும் பிரித்து இணைக்கும் திறந்த மின்வணிக வலையமைப்பின் முன்னோட்டம் 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்ளிட்ட 5 நகரங்களில் தொடங்கியது. வழிகள் பெருகியுள்ளன, எவ்வழியில் புடவை விற்றது என்று குறித்து வைக்கும் பழக்கம் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

இதற்குக் கணினி நிபுணர் தேவையில்லை. ஒரு பேரேடு போதும். வாங்கியவர் எவ்வாறு அறிந்து வந்தார், எந்நிறம், என்ன விலை, எத்தனை நாளில் சேர்ந்தது, திரும்பியதெனில் காரணம் யாது, முன்பு வாங்கியவரா என்பன அதில் பதியப்பட வேண்டும். திட்டங்களை மதிப்பிடும் அலுவலரும் வருகை எண்ணிக்கைக்கு முன்பாக இப்பேரேட்டையே கேட்டுப் பெறலாம். ஒரே பாவில் பல புடவைகள் நெய்யப்படுவதால், பாவின் நிறத்தைத் தவறாகத் தேர்ந்தால் இழப்பு ஒரு புடவையோடு நிற்பதில்லை. சென்ற மூன்று மாதங்களில் எந்நிறம் விற்றது, எது திரும்பியது என்ற பதிவு, அடுத்த பாவு தறியில் ஏறுவதற்கு முன் நெசவாளரின் கையில் இருத்தல் வேண்டும்.