சொல்லாத துயரமும் உடல்நலமும்

மருத்துவமனைக்கு வருவோரிடம் பல வினாக்கள் கேட்கப்படுகின்றன. இதற்கு முன் என்ன நோய் கண்டது, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். 'எவரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருக்கும் துயரம் ஏதேனும் உண்டா' என்று கேட்பது அரிது. அந்த வினாவுக்கும் உடல்நலத்திற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாகக் கருதத்தக்கவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியவர்.

1970களின் இறுதியில் அவர் கல்லூரி மாணவர்களிடம் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு போன்ற உடல் உபாதைகளைப் பற்றி ஒரு வினாப்படிவம் கொடுத்து ஆராய்ந்து வந்தார். உணவு, உறக்கம், குடும்பம் பற்றிய பல வினாக்களுக்கிடையே, இளம் வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதுண்டா என்ற வினாவும் இடம்பெற்றது. அதற்கு 'ஆம்' என்று விடையளித்தவர்கள் படிவத்திலிருந்த உபாதைகளில் பெரும்பாலானவற்றை மற்றவர்களைவிட மிகுதியாகக் குறிப்பிட்டிருந்தனர். பின்னர் ஓர் உளவியல் இதழின் வாசகர்கள் ஏறத்தாழ 24,000 பேர் விடையளித்த கணக்கெடுப்பிலும் இதே போக்கு காணப்பட்டது. மேலும் ஆராய்ந்தபோது, துன்பம் நேர்ந்தது மட்டுமன்றி, அதனை எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததும் உடல்நலக் குறைவோடு சேர்ந்து காணப்படுவது தெரியவந்தது. மணவாழ்க்கைத் துணையைத் தற்கொலையிலோ விபத்திலோ இழந்தவர்களிடம் அவர் நடத்திய ஒரு சிறு ஆய்வு 1984-இல் வெளிவந்தது. நண்பர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களுக்கு அடுத்த ஆண்டில் நோய்கள் குறைவாகவே வந்திருந்தன.

சொல்ல முடியாதவர் என்ன செய்வது? எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியது. சாண்டிரா பீல் என்ற மாணவியுடன் இணைந்து செய்த சோதனையை 1986-இல் வெளியிட்டார். 46 மாணவர்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். ஒரு பிரிவினர் அறையின் தோற்றம், காலணி போன்ற அற்ப விஷயங்களைப் பற்றி எழுதினர். இரண்டாம் பிரிவினர் தம் வாழ்வின் பெருந்துயரத்தில் நடந்த நிகழ்ச்சிகளை மட்டும் எழுதினர். மூன்றாமவர் அதைப் பற்றிய உணர்ச்சிகளை மட்டும் எழுதினர். நான்காமவர் நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதினர். அடுத்த ஆறு மாதங்களில் இந்த நான்காம் பிரிவினரே நோயென்று பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்குச் சென்றது குறைந்தது. வெறும் விவரமோ வெறும் புலம்பலோ அந்தப் பயனைத் தரவில்லை.

இதில் நோயாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துயரத்தைப் பற்றி எழுதிய உடனே அவர்கள் ஆறுதல் அடையவில்லை. மனம் கனத்தது, இரத்த அழுத்தமும் சற்று உயர்ந்தது. பயன் வாரங்கள் கடந்த பின்னரே தெரிந்தது. எழுதி முடித்த அன்று கண்ணீர் வந்தால் ஏதோ தவறாகிவிட்டது என்று எண்ண வேண்டுவதில்லை.

1988-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்டு கிளேசர் ஆகியோருடன் இணைந்து 50 மாணவர்களிடம் அடுத்த ஆய்வு நடந்தது. இம்முறை இரத்தத்தையும் சோதித்தனர். துயரத்தைப் பற்றி எழுதியவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சோதனைக்கூடத்தில் கூடுதல் வீரியத்துடன் இயங்கின. நியூசிலாந்தில் 64 முதல் 97 வயது வரையுள்ள, நலமாயிருந்த 49 முதியோரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கண்கூடானது. மூன்று நாட்கள் எழுதியபின் அவர்கள் கையில் ஒரு சிறு காயம் உண்டாக்கி, அது ஆறுவதைப் படமெடுத்துப் பார்த்தனர். பதினோராம் நாள், துயரத்தை எழுதியவர்களுள் 76 விழுக்காட்டினருக்குக் காயம் முழுதும் ஆறியிருந்தது. அன்றாட அலுவல்களைப் பற்றி எழுதியவர்களுள் அது 42 விழுக்காடே.

நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகளுள் புகழ்பெற்றது ஜோஷுவா ஸ்மித் என்பாரது 1999-ஆம் ஆண்டு ஆய்வு. ஆஸ்துமா நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் மூன்று நாட்கள் 20 நிமிடம் வீதம் எழுதினர். நான்கு மாதங்களுக்குப் பின் துயரத்தை எழுதியவர்களுள் 47 விழுக்காட்டினரும் மற்றவர்களுள் 24 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தனர். அனைவரும் தமக்குரிய மருந்துகளைத் தொடர்ந்தே வந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. பின்னர் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த வேறொரு சோதனையில் இப்பயன் கிட்டவில்லை. 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் வெளிவந்த மதிப்பீடு, எழுதுவதால் சராசரியாகக் கிடைக்கும் நன்மை சிறியதே என்று கூறுகிறது. சிறியது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டா. ஒரு தாளும் பேனாவும் தவிர வேறு செலவில்லை.

எல்லோருக்கும் இது ஒன்றுபோல் பயன்படுமா? இங்கேதான் ஆளுமையின் பங்கு வருகிறது. 2002-இல் ஆனெட் ஸ்டான்டன் குழுவினர் தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 60 பெண்களை ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் ஆழ்ந்த அச்சங்களையும் உணர்ச்சிகளையும், மற்றொரு பிரிவினர் நோயின்போது கிட்டிய நல்லவற்றை மட்டும், மூன்றாமவர் சிகிச்சை விவரங்களை மட்டும் எழுதினர். நோயைப் பற்றிய எண்ணங்களை எதிர்கொள்ளும் இயல்புடைய பெண்களுக்கு அச்சங்களை எழுதியது மன அமைதி தந்தது. அவ்வெண்ணங்களைத் தவிர்த்தே பழகியவர்களுக்கு நல்லவற்றை எழுதியதே ஏற்றதாக இருந்தது. ஆகவே 'மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடு' என்று தாயையோ கணவரையோ வற்புறுத்தும் உறவினர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். பேசாதிருப்பவர் எல்லோரும் நோயை வளர்ப்பவர் அல்லர். அவர் பேசாததால்தான் நோய் வந்தது என்று சொல்வது ஆய்வு கூறாத ஒன்றைச் சொல்வதாகும். அது நோயாளியின் மீது மற்றொரு சுமையையும் ஏற்றுகிறது.

பராமரிப்போர் அறிய வேண்டிய செய்தியொன்றும் பென்னிபேக்கரின் ஆய்வில் உண்டு. 1989-இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபின் மக்கள் அதைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்று அவர் வாரந்தோறும் விசாரித்தார். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எங்கும் அதே பேச்சு. அதன்பின் மக்கள் தம் கதையைச் சொல்ல விரும்பினரே தவிர, பிறர் கதையைக் கேட்க விரும்பவில்லை. 'உங்கள் நிலநடுக்க அனுபவத்தைச் சொல்லாமலிருப்பதற்கு நன்றி' என்று அச்சிட்ட பனியன்களும் அங்கே அணியப்பட்டன! நம் நோயாளிகள் இதை நன்கு அறிவர். அறுவை சிகிச்சை நடந்த வாரம் பழங்களுடன் வரும் உறவினர் கூட்டம் இரண்டாம் மாதத்தில் இருப்பதில்லை. மருந்து கொடுத்து, இரவில் விழித்திருந்து, நோயாளி அறியாமல் சமையலறையில் அழும் மனைவியிடம் அப்போது எவரும் ஒன்றும் கேட்பதில்லை. எழுதும் பழக்கம் அவருக்கும் உரியதே.

எழுத விரும்புவோர் தொந்தரவில்லாத ஓரிடத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் எழுதினால் போதும். எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்க வேண்டா. நடந்ததையும், அப்போது உணர்ந்ததையும், இப்போது உணர்வதையும் சேர்த்து எழுதுக. பயன் பெற்றவர்களின் எழுத்தில் 'ஆகையால்', 'ஏனெனில்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் பெருகியதைப் பென்னிபேக்கர் எண்ணிப் பார்த்துக் கண்டறிந்தார். முதல் நாள் எழுதிய அதே புலம்பலே நான்காம் நாளும் வந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுவது நன்று. எழுதியதை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தெறியலாம். கை நடுங்குவோர் தனிமையில் வாய்விட்டுப் பேசலாம், அதுவும் ஆராயப்பட்ட முறையே.

இழப்பு நேர்ந்த முதல் நாட்களில் இதனைத் தொடங்க வேண்டா. சில வாரங்கள் செல்லட்டும். எழுதும்போது தாங்கவியலாத கலக்கம் உண்டாகுமெனத் தோன்றினால் அந்த விஷயத்தை விட்டுவிட வேண்டும் என்பது பென்னிபேக்கரே வகுத்த விதி. கொடுங்கனவுகள், திடுக்கிடல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை உள்ளவர்கள் தனியே எழுதிப் பார்க்கலாகாது. அவர்களுக்கும் எழுத்து வழியான சிகிச்சை உண்டு. அது பயிற்சி பெற்ற உளவியலாளர் முன்னிலையில் செய்யப்படுவது. அத்தகைய துன்பம் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மற்ற உபாதைகளோடு அதனையும் சொல்லுங்கள்.