என்.டி.ஏ. வாசல் நமக்கும் திறந்தாச்சு!



எண்ணூர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. ஆனால் "கடற்படைக் கப்பலில் அதிகாரியா போகணும்" என்று நான் சொன்னால், "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குமா அதெல்லாம்?" என்று எங்க ஆயா கேட்கிறாங்க. ஆயாவுக்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

என்.டி.ஏ. என்றால் என்ன?

தேசிய பாதுகாப்பு அகாடமி. மகாராஷ்டிராவில் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகளாகப் போகிறவர்கள் இங்கே 3 வருஷம் ஒன்றாகப் படிக்கிறார்கள். பட்டமும் கிடைக்கும். சாப்பாடு, தங்குமிடம், சீருடை, புத்தகம் எல்லாம் அரசுச் செலவு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டில் தரணும்.

பல வருஷமாக இங்கே ஆண்களை மட்டும்தான் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்ட் 18-ல் உச்ச நீதிமன்றம், பெண்களும் தேர்வு எழுதலாம் என்று உத்தரவு போட்டது. அந்த வருஷம் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, பெண்கள் முதல்முறையாக எழுதினார்கள். 2022-ல் 19 பேர் சேர்ந்தார்கள். 2025 மே 30-ல் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

தேர்வு எப்படி?

யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு 2 முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

1. கணிதம்: 120 கேள்வி, 300 மார்க், இரண்டரை மணி நேரம். ஒரு கணக்குக்கு ஒண்ணேகால் நிமிஷம்தான்!

2. பொதுத்திறன்: 150 கேள்வி, 600 மார்க். இதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. மீதி அறிவியல், வரலாறு, புவியியல், நாட்டு நடப்பு.

3. நேர்முகத் தேர்வு: எழுத்துத் தேர்வில் பாஸானவர்களுக்கு 5 நாள், 900 மார்க். குழுவாகச் சேர்ந்து தடைகளைத் தாண்டும் வேலையும் உண்டு. கரையில் போட்டை எல்லாரும் சேர்ந்து தள்ளுவதைப் பார்த்த நமக்கு அது புரியும். ஒருத்தர் மட்டும் தள்ளினால் போட் நகராது.

தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும். 3 தப்பு போட்டால் 1 சரியான விடையின் மார்க் போயிடும். அதனால் தெரியாததை விட்டுவிடணும்.

ஒன்பதாவதிலேயே ஏன்?

பிளஸ் டூவில் பார்த்துக்கலாம் என்று இருந்தால் லேட்டாகிவிடும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்கணும். எங்க தெருவில் நிறைய அக்காங்க கணக்குக்குப் பயந்து பதினொன்றாவதில் வேற குரூப் எடுத்தாங்க. வேற குரூப் படித்தவர்கள் தரைப்படைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர்களுக்கும் அதே கணிதத் தாள்தான்.

கணிதத் தாளில் வரும் இயற்கணிதம், முக்கோணவியல், புள்ளியியல், நிகழ்தகவு எல்லாமே நம்ம ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. இதை இப்போ விட்டால் பின்னாடி பிடிக்கிறது கஷ்டம்.

இன்னொரு சிக்கல், கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் தமிழ் மீடியம் பிள்ளைங்க தோற்கக்கூடாது. அதுக்காக நான் ஒரு நோட்டில் இரண்டு பக்கமும் எழுதி வருகிறேன். ஒரு பக்கம் 'நிகழ்தகவு', எதிர்ப் பக்கம் 'ப்ராபபிலிட்டி'. தினமும் 5 சொல்.

உடம்புக்கு ஓட்டம், ஸ்கிப்பிங், தண்டால் போதும், காசு வேண்டாம். நம்ம ரோட்டில் கன்டெய்னர் லாரிப் புழுதி கிளம்புவதற்குள் காலையிலேயே முடித்துவிடணும்.

கிடைக்கவில்லை என்றால்?

பெண்களுக்கு இடங்கள் குறைவுதான். ஆனால் டிகிரி முடித்து சி.டி.எஸ். தேர்வும் எழுதலாம். அதில் தேர்வானால் நம்ம பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி. 1992 முதல் அங்கே பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். எப்படிப் போனாலும் படித்த கணக்கும் ஆங்கிலமும் வீணாகாது.

இதைக் கேட்டுவிட்டு ஆயா, "அப்போ ஒழுங்கா கணக்கைப் போடு" என்று மட்டும் சொன்னாங்க.

தினமும் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் 10 கணக்கு போட நான் தயார். சேர விரும்பும் தோழிகள் என்னிடம் பெயர் கொடுங்கள். கணித ஆசிரியர் எங்களுக்கு உதவும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.



– 9ஆம் வகுப்பு மாணவி