ஆயிர முகங் கொண்ட நடிகர்

தோற்றுவாய்

நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்தெண்ணினர் நம் முன்னோர். உள்ளத்தே நிகழும் உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதனை எண்வகையாகப் பகுத்து, அதற்கெனத் தனியோர் இயலையே வகுத்தார் தொல்காப்பியர். அவ்வியலைக் கற்குந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பேச்சையும் பாட்டையும் அறவே நீக்கிவிட்டால், மெய்ப்பாடு ஒன்றே ஒரு கதை முழுவதையும் தாங்கி நிற்குமோ? நாவின் உதவியின்றி ஒருவன் தன் நெஞ்சத்தைப் பிறர்க்குக் காட்டவல்லனோ?

இவ்வையத்திற்கு விடை தரவல்லவை ஹாலிவுட்டின் ஊமைப்படங்கள். அவற்றுள்ளும் சிறப்பாக லான் சேனி என்னும் நடிகர் தோன்றிய படங்களைக் கூறலாம். ‘ஆயிர முகங் கொண்டவர்’ என்று உலகம் அவரை அழைத்தது. தரையில் ஊரும் பூச்சியையும் மிதியாதீர், அதுவும் மாறுவேடம் பூண்ட சேனியாக இருக்கக்கூடும் என்று அக்காலத்து அமெரிக்கர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனராம். அன்னார் நடித்த படங்களுட் சிறந்தன எவை, அவை ஏன் சிறந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பயிற்சியும்

சேனி 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் சிகை திருத்துந் தொழிலினர். தாய் தந்தையர் இருவரும் காது கேளாதவர், வாய் பேசாதவர். அந்நகரிலே காது கேளாதார்க்கென 1874-ஆம் ஆண்டில் பள்ளி நிறுவியவர் அவருடைய தாயைப் பெற்ற பாட்டனாரே. அவர் சிறுவராயிருக்கையில் அன்னை வாதநோயாற் படுக்கையில் வீழ்ந்தார். மகன் பள்ளியை விட்டு நின்று, அன்னையின் அருகிருந்து பணிசெய்தார். அன்று ஊரில் நிகழ்ந்தவற்றையும், தெருவிற் கண்ட மனிதரையும், அவர்தம் நடையையும் கோபத்தையும் சிரிப்பையும் முகத்தாலும் கையாலும் நடித்துக்காட்டுவார். அதுவே அன்னைக்குச் செய்தித்தாள், அதுவே கதை, அதுவே ஆறுதல்.

ஏனைய நடிகர் ஊமைப்படத்திற்கு வந்தபோது பேச்சை இழந்துவிட்டதாக எண்ணி வருந்தியிருக்கலாம். சேனிக்கோ அது தம் வீட்டுமொழிக்கே மீண்டது போன்றதாயிற்று. அவருடைய கலை ஒப்பனைப் பெட்டியிற் பிறந்ததன்று. நோயுற்ற தாயின் கட்டிலருகே பிறந்தது என்பதை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நாடகக் குழுக்களோடு பல ஊர்களிலும் அலைந்து, பின்னர்ச் சினிமாவிற் சிறு வேடங்கள் பல தாங்கினார். அவரை உலகறியச் செய்தது 1919-இல் வந்த ‘அற்புத மனிதர்’ என்னும் படம். அதிலே அவர் ஏற்றது ‘தவளை’ என்னும் பட்டப்பெயருடைய வஞ்சகன் வேடம். முடவன்போல் கைகால்களை முறுக்கி மடக்கிக்கொண்டு பிறரை ஏமாற்றுவதே அவன் தொழில். வஞ்சகர் சிலர் கூடி, நோய் தீர்க்கும் முதியவர் ஒருவரைக் கொண்டு பொருளீட்டக் கருதுகின்றனர். தவளை அவர் முன் ஊர்ந்து சென்று, குணமடைந்தவன்போல் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எழுகிறான். அது பொய். ஆனால் அதைக் கண்டு நின்ற ஒரு சிறுவன், மெய்யாகவே கால் ஊனமுற்றவன், ஊன்றுகோலை எறிந்துவிட்டு முதியவரிடம் ஓடுகிறான். அது மெய். பொய்யின் நடுவே மெய் வந்து நிற்கக் கண்டு வஞ்சகர் நெஞ்சம் கலங்குகின்றனர். இப்படம் முழுமையாக இன்று இல்லை. சில நிமிடப் பகுதிகளே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றுள் இக்காட்சியும் ஒன்றாக இருப்பது நம் நற்பேறே.

அச்சமும் இரக்கமும்

1920-இல் வெளிவந்த ‘தண்டனை’ என்னும் படத்தில், இளம் மருத்துவர் ஒருவரின் தவற்றினால் இரு கால்களையும் இழந்து, வன்மம் வளர்த்துக் குற்றவாளிகட்குத் தலைவனான ஒருவனாகச் சேனி நடித்தார். தம் கால்களைப் பின்புறமாக மடித்துக் கட்டி, முழங்கால்களைத் தோலுறைகளிற் பொருத்தி நடந்தார். அந்நிலையில் நெடுநேரம் நிற்பது பெருந்துன்பம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் அப்படத்தில் நாம் வியப்பது அத்துன்பத்தையன்று. கால்களில்லாத அம்மனிதன் படிகளில் ஏறி இறங்கும் விரைவில் வெளிப்படும் அவன் சினத்தையே.

விக்டர் ஹ்யூகோ 1831-இல் வெளியிட்ட பெருங்கதை, 1923-இல் ‘நோத்ர தாம் கூனன்’ என்னும் படமாக வெளிவந்தது. பாரிஸ் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை ஹாலிவுட்டிலேயே பேருருவாகக் கட்டி எழுப்பினர். சேனி ஏற்றது குவாசிமோதோ என்னும் மணியடிப்போன் வேடம். முதுகிற் கூன், ஒரு கண் மறைந்தது, ஆலயமணிகளின் ஓசையாற் செவியும் கெட்டது. காது கேளாத பெற்றோரின் மகன், காது கேளாத ஒருவனாக நடிக்கின்றார் என்பதை நினைந்து இப்படத்தைக் காண்போர்க்கு அது வேறொரு படமாகவே தோன்றும்.

குவாசிமோதோவைப் பொதுவிடத்திற் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கின்றனர். அவன் தாகத்தாற் கதறுகிறான், கூட்டமோ நகைக்கின்றது. எஸ்மெரால்டா என்னும் இளம்பெண் ஒருத்தியே தண்ணீர் கொணர்ந்து அவன் வாயில் ஊற்றுகிறாள். முன்பு அவளுக்கே தீங்கு செய்ய முயன்றவன் அவன். தாகித்த சிறியர் ஒருவர்க்குக் கொடுக்கும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வீண்போகாது என்று நம் ஆண்டவர் அருளியது எம் நினைவிற்கு வந்தது. அவ்விடத்தே சேனியின் முகம் மெழுகினும் பசையினும் புதைந்து கிடக்கின்றது. அசையக்கூடியது ஒரு கண் மட்டுமே. அவ்வொரு கண்ணால் அவர் நாணத்தையும் நன்றியையும் ஒருங்கே காட்டுகின்றார். இது மெய்ப்பாடன்றி வேறு யாது?

1925-இல் வந்த ‘ஆபெராப் பேயுரு’ என்னும் படத்தில், பாரிஸ் இசை அரங்கின் நிலவறைகளில் மறைந்து வாழும் எரிக் என்பவனாக அவர் தோன்றினார். பாடகி கிறிஸ்தீன் பின்னால் வந்து முகமூடியைப் பறிக்க, மண்டையோடு போன்ற அம்முகம் திரையை நிரப்புகின்றது. அம்முகத்தைப் படம் வெளிவரும்வரை விளம்பரங்களிலும் காட்டாது மறைத்து வைத்தனர். காண்போர் அஞ்சினர் என்பது உண்மையே. ஆனால் முகமூடி கழன்றபின் எரிக்கின் கைகள் துடிப்பதைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அஞ்சியவன் அவனே என்பது விளங்கும்.

இனி, இவ்விடத்து ஓர் எதிர்ப்பையும் நாம் எடுத்து ஆராய வேண்டும். உறுப்புக்குறை உடையாரை அச்சத்திற்குரியோராகக் காட்டுவது முறையோ என நம் நண்பர் ஒருவர் வினவினார். இவ்வினா நேர்மையானது. கூனையும் முடத்தையும் தீமையின் அடையாளமாகக் காட்டிய படங்கள் பல உண்டு. சேனியின் படங்களுள்ளும் சில அப்பழிக்குத் தப்பா. 1927-இல் வந்த ‘மிஸ்டர் வூ’ என்னும் படத்தில் அவர் சீனராக வேடம் பூண்டதும், ஓர் இனத்தாரின் முகத்தையே ஒப்பனைப் பொருளாக்கியமையால் இன்று நமக்கு உவப்பளிக்கவில்லை. எனினும் அவருடைய சிறந்த படங்களின் இயல்பு வேறு. அவற்றிலே நாம் அச்சத்தோடு தொடங்கி இரக்கத்தோடு முடிக்கிறோம். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட துன்புறும் ஊழியனுக்கும் காண்போர் விரும்பும் தோற்றம் இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

நகையும் அழுகையும்

சேனியின் படங்களுள் தலைசிறந்தது எதுவெனின், 1924-இல் வந்த ‘அறை வாங்கும் அவன்’ என்பதே என யாம் கூறுவோம். ருஷிய ஆசிரியர் லியோனித் ஆந்திரேயெவ் இயற்றிய நாடகத்தைத் தழுவியது. சுவீடன் நாட்டினரான விக்டர் சியோஸ்திரோம் இயக்கியது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்த முதற்படமும் இதுவே. இதிலே கூனில்லை, முடமில்லை. கோமாளியின் வெள்ளைப்பூச்சு ஒன்றே உண்டு.

பால் போமான் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்துக் கண்ட ஆராய்ச்சியை, அவரை ஆதரித்த பிரபு தன்னுடையதெனச் சொல்லிக் கவர்ந்துகொள்கிறான். அவர் மனைவியையும் கவர்கிறான். அறிஞர் பேரவை நடுவே போமான் உண்மையை உரைக்க, பிரபு அவர் கன்னத்தில் அறைகிறான், அவையோர் நகைக்கின்றனர். அந்நகைப்பு அவர் அறிவைச் சிதைத்துவிடுகின்றது. சர்க்கஸ் ஒன்றிற் கோமாளியாகச் சேர்கிறார். உண்மை பேச வாய்திறக்குந்தோறும் ஏனைக் கோமாளிகள் அவரை அறைவர். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். அவர் மார்பிலுள்ள துணியாலான இருதயத்தைப் பிடுங்கி மண்ணிற் புதைப்பதும் அவ்விளையாட்டில் ஒரு பகுதியாம்.

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். அழுகைக்குரியவற்றுள் இளிவை முதலில் வைத்தார். இவ்விரண்டையும் வெவ்வேறாகவே கற்றிருந்தோம். இப்படத்தைக் கண்டபின்னரே, ஒருவரது எள்ளல் மற்றொருவரது இளிவாதலையும், ஒரே அறையினின்று ஒருபுறம் நகையும் மறுபுறம் அழுகையும் பிறத்தலையும் தெளிந்தோம். இறுதியில், குத்துண்ட கோமாளி இரத்தம் வடிய அரங்கிற் புகுந்து தள்ளாடுகிறான். கூட்டம் அதனையும் வேடிக்கையென எண்ணிச் சிரிக்கின்றது. அப்போது எம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் யாம் பிறரை எள்ளிச் சிரித்த சிரிப்புக்கள் எமக்கு நினைவு வந்தன. நாணினோம் என்று சொல்வதே உண்மை.

1927-இல் டாட் பிரௌனிங் இயக்கிய ‘அறியப்படாதவன்’ என்னும் படமும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. கைகளை உடலோடு கட்டி மறைத்துக் கையில்லாதவன்போல் சர்க்கஸில் வாழும் குற்றவாளி அலோன்சோ. ஆடவர் கைகள் என்றாலே அஞ்சும் நானோன் என்பவளை அவன் காதலிக்கிறான். அவள்பொருட்டு மெய்யாகவே தன் கைகளை அறுவை செய்து நீக்கிக்கொள்கிறான். மீண்டு வந்தபோது அவள் அவ்வச்சம் நீங்கி வேறொருவனை மணக்க இருப்பதை அறிகிறான். அச்செய்தி கேட்டுச் சேனி சிரிக்கத் தொடங்குவதும், அச்சிரிப்பு வளர்ந்து அழுகையாக முடிவதும் எழுத்தால் விளக்கற்பாலனவல்ல. இப்படத்திற் காலாற் கோப்பையெடுப்பது முதலிய செயல்கள் சிலவற்றைச் சேனிக்காகச் செய்து உதவியவர், மெய்யாகவே கைகளில்லாத ஒருவர். புகழ் அவர்க்கும் உரியது.

ஒப்பனையற்ற முகம்

இத்துணையும் கேட்டோர், ஒப்பனையை நீக்கினால் சேனியின் திறம் என்னாகும் என வினவலாம். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கடற்படைப் போர்வீரர் பற்றிய படமே இதற்கு விடை. அதிலே அவர் தம் சொந்த முகத்தோடு, சார்ஜென்ட் ஓஹாராவாகத் தோன்றுகிறார். கடுமையே உருவான அவ்வீரர், செவிலி ஒருத்தியிடம் தாம் கொண்ட அன்பை வெளியிடாது உள்ளத்தே அடக்கி, தாம் பயிற்றிய இளைஞனுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார். இப்படத்தைக் கண்டு மகிழ்ந்த அப்படையினர் சேனியைத் தம்முள் கௌரவ உறுப்பினராக ஏற்றனர்.

ஒப்பனைக் கலையிலும் அவர் வெறுந் தொழிலாளரல்லர். பிரித்தானிய கலைக்களஞ்சியத்தின் 14-ஆம் பதிப்பில், 1929-ஆம் ஆண்டு, ஒப்பனை பற்றிய கட்டுரையை எழுதியவர் அவரே. அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது.

பேசும்படம் வந்த பின்னும் சேனி சிலகாலம் பேசாதிருந்தார். 1925-இல் ஊமைப்படமாக நடித்த ‘தீய மூவர்’ என்பதையே 1930-இல் பேசும்படமாக நடித்து, மாயக்குரல் வித்தைக்காரன், கிழவி, பொம்மை, கிளி, சிறுபெண் ஆகிய ஐந்து குரல்களையும் தாமே பேசினார். அவை தம் குரல்களே எனச் சத்தியக் கடுதாசியும் எழுதித் தந்தார். ஆயிர முகங்களோடு ஆயிரங் குரல்களும் வரும் என உலகம் எதிர்நோக்கியது. ஆனால் அப்படம் வெளிவந்த சிறிது காலத்திற்குள், 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், புற்றுநோயால் தொண்டையில் இரத்தம் பெருகி, 47-ஆம் வயதில் உயிர் நீத்தார். இறுதி நாட்களில் குரலிழந்து, இளமையிற் பெற்றோரிடம் பேசிய சைகையாலேயே கருத்தை அறிவித்தார் என்பர். எம்மொழியில் தொடங்கினாரோ அம்மொழியிலேயே முடித்தார்.

முடிவுரை

சேனியின் படங்கள் பல அழிந்தன. ‘நள்ளிரவுக்குப்பின் லண்டன்’ என்னும் படத்தின் எஞ்சிய படியும் 1965-இல் படக்கிடங்கில் நேர்ந்த தீவிபத்தில் எரிந்தது என்பர். எஞ்சியவற்றைக் காண்போர், நடிகர் முகத்தை எங்ஙனம் மாற்றினார் என்று மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. பன்முகத் திறமை என்பது பல முகங்களை அணிதலன்று. எம்முகத்தின் பின்னும் துடிப்பது ஓர் இருதயமே என்று காட்டுதலாம்.

காதாற் கேளாத தாய்க்குக் கண்ணால் உலகைக் காட்டிய மகன், காண மறுத்த உலகிற்கு மனிதனைக் காட்டினார். நாமும் தெருவில் எதிர்ப்படும் குறையுடையாரைக் கண்டு முகந் திருப்பாது, ஒரு கணம் நின்று நோக்கக் கற்போமாயின், ஊமைப்படமும் நம்மோடு பேசிற்று என்று கொள்ளலாம்.