காற்றைத் தின்னும் கல்

கேள்வி: எரிமலைக் கல்லைப் பொடியாக்கி வயலில் தூவினால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையுமாமே. இது அமெரிக்கக் கண்டுபிடிப்பா?
(வாசகர், ஒபர்வில்லியே)

பதில்: இல்லவே இல்லை, இதன் அடிப்படையைக் கண்டவர் ஒரு பிரான்ஸ்காரர். ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்தை ஒட்டிப் பொறித்திருக்கும் 72 பெயர்களில் ‘எபெல்மன்’ என்று ஒன்று உண்டு. பாரிஸின் லா சப்பலுக்கு வரும் சொந்தபந்தங்களைக் கோபுரத்தடியில் நிறுத்திப் படமெடுக்கும் நம்மவர்கள் ஒருமுறை அண்ணாந்து தேடிப் பார்க்கலாம்.

ழாக்-ஜோசஃப் எபெல்மன், பாரிஸ் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர். சிலிக்கேட் பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன, எரிமலைகள் அதைத் திருப்பித் தருகின்றன என்று 1845இலேயே எழுதிவிட்டார். பிறகு செவ்ர் பீங்கான் ஆலையின் பொறுப்பு வந்தது. மனிதர் அந்தச் சூளையையும் சும்மா விடவில்லை. உலோக ஆக்சைடுகளைப் போரிக் அமிலத்தோடு கலந்து உள்ளே வைப்பார். நாள்கணக்கான சூட்டில் அமிலம் ஆவியாகிப்போகும். அடியில் ஸ்பினல் படிகங்கள் மின்னும். பிரிட்டிஷ் அரச முடியில் மாணிக்கம் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறதே, அதே இனக் கல்! 1852இல் இறந்தபோது அவருக்கு வயது 37.

சரியாக நூறாண்டு கழித்து, 1952இல், நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் ஹரால்டு யூரி அதே வேதிவினையை எழுதினார். ‘யூரி வினை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. யூரி பெரியவர்தான், மறுப்பில்லை. ஆனாலும் முதலில் சொன்னவன் பெயர்தான் முதலில் வரவேண்டும். இந்தப் பகுதி இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லும்.

மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு கல்லை அரிக்க, வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடல்சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கிறது. பொடியாக்குவது அரிப்பை வேகப்படுத்தத்தான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசச் சிறு விவசாயிகளின் வயலில் எரிமலைக் கல்தூளை இலவசமாகத் தூவும் ‘மாட்டி கார்பன்’ நிறுவனம் 2025இல் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசை வென்றது.

எந்தக் கருங்கல் தூளும் போதும் என்று சிலர் கிளப்பிவிடுவது தவறு. தமிழ்நாட்டுக் குவாரிக் கற்களில் பெரும்பாலானவை மிக மெதுவாகவே கரையும். கரும்பாறை இனமான பசால்ட்தான் இதற்கு ஏற்றது. அதையும் நெடுந்தூரம் லாரியில் ஏற்றினால், கல் தின்னும் வாயுவில் ஒரு பங்கை டீசல் புகை திருப்பிக் கொடுத்துவிடும்.

கேள்வி: அப்ப யாழ்ப்பாணத்தில எங்கட தோட்டத்துக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். புளிப்பில்லாத மண்ணில் பசால்ட் சோம்பிக் கிடக்கும். புளித்த மண்ணும் நல்ல மழையும் உள்ள இலங்கை மலையகம் வேறு கதை. அப்படிப்பட்ட டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் ‘ஆல்ட் கார்பன்’ நிறுவனம் ஏற்கெனவே தூவிவருகிறது.

கேள்வி: ஒபர்வில்லியேயில் தூவ வயல் எங்கே இருக்கு?

பதில்: இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த வெர்த்யூ சமவெளி முழுக்க மரக்கறித் தோட்டம். பாரிஸ் சந்தைக்குக் கோவாவும் வெங்காயமும் அங்கிருந்து வண்டி வண்டியாகப் போயின. வெங்காய இனம் பிழைத்திருக்கிறது. பிரெஞ்சு விதைக்கடையில் ‘ழோன் பாய் தே வெர்த்யூ’ என்று கேளுங்கள், தருவார்கள்.