யாருடைய இடம் ஆடுகிறது?

கேள்வி

ஐயா, வேலை முடிந்து களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம் தேத்தண்ணிக்குக் கூடும் நாலைந்து பேர் நாங்கள். இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு ஒரு மட்ச் வருகுதென்றால் போதும், ஒரு கிழமைக்கு எங்களுக்கு வேறு கதையே இல்லை: “இந்த முறை ஆரைத் தூக்குவான்?” வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் வந்து, இங்கே கழகத்தில் உதைத்து வளர்ந்த பொடியன்மாரின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்று கொட்டாஞ்சேனை நண்பர் கொதிக்கிறார். வெள்ளவத்தை நண்பரின் சொந்தக்காரர் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். “அவங்களும் எங்கட பிள்ளைகள்தானே, விளையாடத் தெரிஞ்சவன் விளையாடட்டும்” என்பது அவருடைய கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் சரி போலத்தான் படுகிறது. உண்மையில் யாருடைய இடம் ஆபத்தில் இருக்கிறது? அதை நாங்கள் எப்படிக் கண்டுகொள்வது? இப்படி வெளியிலிருந்து ஆள் எடுப்பது நியாயமா?

- பெயர் வேண்டாம் என்ற வாசகர், களுபோவில

பதில்

மூன்று மாதமாக முழுதாக 90 நிமிடம் ஆடக் கிடைக்காத எவருடைய இடமும் ஆடுகிறது. அவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவரா, மெல்பேர்னில் வளர்ந்தவரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. உங்கள் வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான். இனி விளக்கத்துக்கு வருவோம்.

வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை. ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், 2021 ஜூனில் லெபனானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். 2-3 என்று தோற்றாலும் நிமிர்ந்து தோற்ற ஆட்டம் அது. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸில் மாலைதீவுடன் 4-4 என்று முடித்தபோது நான்கு கோலும் அவருடையவை. லண்டனில் பிறந்து குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இளையோர் அணியில் வளர்ந்த டிலொன் டி சில்வா, இங்கிலாந்துக் கழகங்களில் ஆடிய மர்வின் ஹமில்டன் ஆகியோரும் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தவர்கள்தான். அப்போது ஒருவரும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. வந்தவர்கள் ஒரு சிலர், மற்ற இடமெல்லாம் நம்மவர்களுக்கே இருந்தது.

கதை மாறியது 2024இல். முன்பு நேபாளத்தைப் பயிற்றுவித்த குவைத்காரர் அப்துல்லா அல் முதைரி பொறுப்பேற்றார். பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் பல பருவங்கள் ஆடிய ஜக் ஹிங்கர்ட், ஜேர்மனியின் டைனமோ ட்ரெஸ்டன் கழகத்தின் குளோடியோ கமர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், அவுஸ்திரேலியாவிலிருந்து பரத் சுரேஷ் என்று பட்டியல் நீண்டது. பலனும் தெரிந்தது. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ப்ளே-ஓஃபில் கம்போடியாவை அவர்கள் மண்ணில் 0-0 என்று மறித்தோம். கொழும்பில் 2-2 ஆகி, பெனால்டியில் 4-2 என்று வென்றோம். பிறகு தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்ப்பே உள்ள பிரிவில் விழுந்தோம். 2025 மார்ச்சில் பெங்கொக்கில் தாய்லாந்திடம் ஒரேயொரு கோலால் தோற்றோம். ஜூன் 10இல் சீன தாய்ப்பேயைக் கொழும்பில் 3-1 என்று வீழ்த்தினோம்.

இதை 2019உடன் வைத்துப் பாருங்கள். உலகக் கிண்ணத் தகுதிகாணின் முதல் சுற்றில், முதல் ஆட்டத்தில் மக்காவுவிடம் 0-1 என்று தோற்றோம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்புக்கு வர மக்காவு மறுத்ததால்தான் 3-0 என்று நமக்கு வெற்றி எழுதப்பட்டு அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்த அணியில் இடம் பிடிப்பதும் இன்றைய அணியில் இடம் பிடிப்பதும் ஒன்றல்ல. இடம் இறுகியிருக்கிறது. அதனால்தான் உங்கள் கடையில் சத்தமும் கூடியிருக்கிறது.

இனி இடம் இடமாகப் பார்ப்போம். ரசிகர்கள் ஆளைப் பார்த்து வாதாடுவார்கள். பயிற்றுவிப்பாளர் இடத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தேடுவார்.

கோல்காப்பாளர் இடம் ஓரளவு பாதுகாப்பானது. ஒருவர் நன்றாக நின்றால் காயம் வரும்வரை அவரை அசைக்க மாட்டார்கள். சுஜான் பெரேரா இங்கே வளர்ந்தவர், அணித்தலைவராகவும் இருந்தவர். அவர் இவ்வளவு காலம் நிலைத்ததில் திறமைக்குப் பங்கு உண்டு. மாலைதீவு லீக்கில் ஆண்டுக்கணக்காக ஆடியதற்கும் பங்கு உண்டு. அங்கே ஒழுங்காக மட்ச் கிடைத்தது. என் தீர்ப்புக்கு முதல் சாட்சி அவர்தான்.

உள்ளூர் வீரருக்கு அதிக ஆபத்துள்ள இடம், வலது இடது பக்கப் பின்களம். இன்றைய ஆட்டத்தில் அந்த ஆள் தாக்குதலுக்கும் போகவேண்டும், பந்து பறிபோனால் அறுபது எழுபது மீற்றர் திரும்பி ஓடவும் வேண்டும். ஒரு மட்சில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடம்பு பயிற்சி முகாமில் மட்டும் வராது, கிழமைக்குக் கிழமை மட்ச் ஆடித்தான் வரும். ஹிங்கர்ட் போன்ற ஒருவர் அவுஸ்திரேலியாவின் முதல்தர லீக்கில் வருடக்கணக்காகச் செய்தது அதைத்தான். நம் கழகங்களிலோ விங்கில் இடம் கிடைக்காதவரைப் பின்னால் இறக்கிப் பக்கப் பின்களம் ஆக்குவது பழைய பழக்கம். முதல் பாதியில் வித்தியாசம் தெரியாது, 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு தெரியும்.

நடுப் பின்களத்திலும் ஆபத்து உண்டு, ஆனால் காரணம் வேறு. அங்கே இரண்டு பேர் சோடியாக ஆடவேண்டும். ஒருவர் பந்துக்குப் போனால் மற்றவர் பின்னால் மூடவேண்டும். இந்த ஒத்திசைவு வர நாள் பிடிக்கும் என்பதால், அமைந்த சோடியைப் பயிற்றுவிப்பாளர்கள் இலேசில் பிரிக்க மாட்டார்கள். உள்ளே வருவது கடினம், வந்துவிட்டால் வெளியே போவதும் கடினம்.

நடுக்களத்தில் போட்டி சமமானது. பந்தை வாங்கமுன்னமே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பவர் யார், பந்து வந்த பிறகு தேடுபவர் யார் என்று கவனியுங்கள். முன்னவர் தப்புவார், பின்னவர் அடுத்த அறிவிப்பில் இல்லாமல் போகலாம்.

உள்ளூர் பொடியன்மாருக்கு நான் பெரிய நம்பிக்கை வைத்திருப்பது விங்கில். கொழும்பு வெக்கையும் ஈரப்பதமும் குளிர்நாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று நாளில் இறங்குபவரின் காலைப் பிடிக்கும். இப்போது ஐந்து மாற்றம் செய்யலாம். ஆட்டநாள் குழுவில் 23 பேர், அதாவது பதினொருவருக்கு வெளியே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே “இடம்” என்பது ஒன்றல்ல. தொடக்கத்தில் ஆடும் 11 இடம் ஒரு வகை. இறங்கி ஆட்டத்தை மாற்றும் ஐந்து இடம் இன்னொரு வகை. உட்கார்ந்து பார்க்கும் ஏழு இடம் மூன்றாவது வகை. 65ஆவது நிமிடத்தில் களைத்த பின்களத்தை நோக்கி ஓட விடுவதற்கு ஒரு வேகமான உள்ளூர் விங்கர் எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் வேண்டும். உங்கள் கொட்டாஞ்சேனை நண்பர் தன் பொடியன்மாருக்காகப் பேசவேண்டிய இடம் இந்த ஐந்துதான்.

நியாயத்துக்கு வருவோம். விதி தெளிவானது. அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். அதோடு வீரரோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது விதி கேட்கும் காலத்துக்கு அவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் நமக்கு வழி திறந்திருக்கிறது. இந்தியா அனுமதிக்காததால், அவுஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் 2025இல் அந்நாட்டுக் கடவுச்சீட்டைக் கைவிட்டுத்தான் இந்திய முகாமுக்குப் போக முடிந்தது. ஆனால் பத்திரம் சுத்தமாக இருக்கவேண்டும். மலேசியா ஏழு வெளிநாட்டு வீரர்களுக்கு, பாட்டன் பாட்டி மலேசியாவில் பிறந்ததாகத் திருத்திய ஆவணங்களைக் காட்டியது என்று 2025 செப்டெம்பரில் பிஃபா தண்டித்தது. சம்மேளனத்துக்கு அபராதம், வீரர்களுக்கு ஓராண்டுத் தடை. நம் பக்கத்தில் போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புப் பத்திரம் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. பேரப்பிள்ளை நாளைக்கு இந்த அணிக்கு ஆட ஆசைப்பட்டால், பாட்டனாரின் பத்திரத்தை இப்போதே எடுத்து வைப்பது புத்தி.

விதிப்படி சரியானது அணிக்கு நல்லதாகவும் இருக்குமா? 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்குப் போன மொரோக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்த வெற்றியைப் பார்த்து மொரோக்கோக்காரர் எவரும் வெட்கப்படவில்லை. நமக்குக் கிட்டிய உதாரணம் பிலிப்பைன்ஸ். 2010 டிசெம்பரில் ஹனோயில் வியட்நாமை 2-0 என்று வீழ்த்திய அணியில் இங்கிலாந்தில் வளர்ந்த யங்ஹஸ்பண்ட் சகோதரர்கள் இருந்தார்கள். அந்த வெற்றிதான் அந்நாட்டு மக்களை உதைபந்தாட்டத்தின் பக்கம் திருப்பியது. பின்னர் 2017இல் அவர்கள் ஒரு தேசிய லீக்கைத் தொடங்கினார்கள், 2019 ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதிபெற்றார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் கதவைத் திறக்கலாம். உள்ளே வீட்டைக் கட்டவேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்.

நம் குறை அங்கேதான் இருக்கிறது. 2021இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. ரினோன், ரட்ணம், கொழும்பு எப்.சி., அப்கன்ட்ரி லயன்ஸ் எல்லாம் ஆடின, புளூ ஸ்டார் வென்றது. அந்த வடிவத்தில் அது நிலைக்கவில்லை. சம்மேளனத்தின் உள்வீட்டுப் பிரச்சினையில் அரசாங்கத் தலையீடு என்று சொல்லி, 2023 ஜனவரியில் பிஃபா நம்மை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியச் சுற்றுப்போட்டியில் நாம் இல்லை. 1995இல் கொழும்பில் இறுதியாட்டத்தில் இந்தியாவையே வென்று அதே கிண்ணத்தை எடுத்த நாடு நாம்.

அந்த ஏழு மாதத்தில் இருபத்திரண்டு வயது உள்ளூர் வீரர் ஒருவர் இழந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். சர்வதேச ஆட்டம் இல்லை, லீக்கும் ஒழுங்கில்லை. படையணி அல்லது பொலிஸ் கழகத்தில் வேலை இருந்தால் சம்பளமாவது வரும், இல்லையென்றால் அதுவும் இல்லை. அதே காலத்தில் அவருடைய வயதொத்த ஒருவர் ஜேர்மனியில் மூன்றாம் தரப் பிரிவில் ஆடினாலும் வருடத்துக்கு முப்பதுக்கு மேல் மட்ச் ஆடிவிடுவார். இருவரும் ஒரே முகாமுக்கு வந்து நிற்கும்போது பயிற்றுவிப்பாளர் யாரை எடுப்பார்? இடத்தைப் பறித்தது அந்தப் பிள்ளை இல்லை. இங்கே நடக்காமல் போன மட்சுகள் பறித்தன.

வெள்ளவத்தை நண்பருக்கும் ஒரு சொல். வெளிநாட்டு முத்திரை என்பதற்காகவே ஒருவரை முதல் பதினொருவரில் போடச் சொல்லாதீர்கள். கழகத்தில் வாங்கிலேயே இருக்கும் ஒருவர் கடவுச்சீட்டோடு வந்தாலும் மட்சுப் பயிற்சி இல்லாதவர்தான். அவர் இடமும் ஆடவேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு ரேஸ்கோர்ஸ் போனால் பழைய குதிரைப்பந்தயக் கொட்டகையின் மேல் படிகளில் உட்காருங்கள். அங்கிருந்து கோடுகள் தெளிவாகத் தெரியும். பந்தை விட்டுவிட்டு பத்து நிமிடம் ஒரு பக்கப் பின்கள வீரரை மட்டும் பாருங்கள். நமது தாக்குதல் உடைந்ததும் அவர் திரும்பி ஓடுகிறாரா, நடக்கிறாரா? நடுப் பின்கள வீரருக்கும் அவருக்கும் இடையில் எவ்வளவு வெளி விழுகிறது? 55ஆவது நிமிடத்தில் கோட்டோரம் யார் உடம்பைச் சூடாக்கத் தொடங்குகிறார்? அவர் எந்த இடத்துக்காரர் என்று தெரிந்தால் யாருடைய இடம் ஆடுகிறது என்பது அறிவிப்புக்கு முன்னமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தேத்தண்ணிக் கடைக்கு ஒரு வேலையும் தருகிறேன். அணி அறிவிக்க முதல் நீங்கள் ஆளுக்கொரு பதினொருவரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் இப்போது எந்தக் கழகம், கடைசியாக முழு ஆட்டம் ஆடியது எப்போது என்று போடுங்கள். எழுத ஒன்றும் கிடைக்காத பெயர்தான் ஆபத்தில் உள்ள பெயர். அந்த வெற்று வரிகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெயர்களுக்கு எதிரே வந்தால், கொட்டாஞ்சேனை நண்பர் தன் கோபத்தைச் சுவீடன்காரப் பிள்ளையிடம் காட்டத் தேவையில்லை. இந்த ஆண்டு லீக் அட்டவணை எங்கே என்று சம்மேளனத்திடம் கேட்கட்டும். அந்தக் கேள்வியில் வெள்ளவத்தை நண்பரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கலாம்.